விட்ட மீனுக்கும் கணக்கு உண்டு

1946 மார்ச் 22 அன்று கபினி ஆற்றில் ஒரு மஹ்சீர் தூண்டிலில் விழுந்தது. எடை 120 ராத்தல், அதாவது 54 கிலோ. பிடித்தவர் வான் இன்கன். மகாராஜாக்கள் சுட்ட புலிகளைப் பாடம் செய்து கொடுத்துப் பேர்வாங்கிய மைசூர்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். தூண்டில் கோலில் பிடிபட்ட மஹ்சீர்களில் இன்றும் சாதனையாகப் பேசப்படுவது அந்த மீன்தான். அந்நாளில் பெரிய மீனைப் பிடித்தால் கரையில் கிடத்திப் படம் எடுப்பார்கள், வெட்டிப் பங்கு போடுவார்கள். மறுபடி ஆற்றில் விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

சில பத்தாண்டுகளில் அதே காவிரிப் படுகையில் பேச்சு தலைகீழானது. பிடி, எடை போடு, படம் எடு, விடு. விட்டால் மீன் பிழைக்கும், இனம் பிழைக்கும், ஆறும் பிழைக்கும் என்றார்கள். அழியும் நிலையில் உள்ள ஓர் உயிரின் வாயில் நம் மகிழ்ச்சிக்காகக் கொக்கியை மாட்டிவிட்டு, பிறகு அதைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்வது சரியா? காவிரியில் இந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டுச் சோதனை நடந்து முடிந்திருக்கிறது. விடை மட்டும் இரு தரப்பும் எதிர்பார்த்தபடி வரவில்லை.

முதலில் மீனைப் பற்றி. காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மஹ்சீர் இது. தலைக்குப் பின்னால் முதுகு மேடாக எழும்பியிருக்கும், துடுப்புகளில் செம்மஞ்சள் ஓடும். திமில் மஹ்சீர் என்று சொல்லலாம். நூற்றைம்பது ஆண்டுகளாக உலகத் தூண்டில்காரர்கள் தேடி வந்த இந்த மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியானது 2018-இல்தான். பாம்பாற்றில் கிடைத்த குட்டி மீன்களை வைத்து 2007-இல் டோர் ரெமாதேவி என்று ஓர் இனம் பதிவானது. விலங்கியல் ஆய்வாளர் ரெமாதேவியைச் சிறப்பிக்க வைத்த பெயர். மோயாற்று மீன்களை ஆராய்ந்த பிறகுதான் அந்தக் குட்டிகளும் காவிரியின் பூதங்களும் ஒன்றே என்று 2018-இல் நிலைநாட்டினார்கள். அந்தக் காலத்தையொட்டியே சிவப்புப் பட்டியலில் மிகவும் அருகிவிட்ட உயிர்களின் வரிசையிலும் அது சேர்ந்தது. பெயர் வைத்ததும் கடைசி மணி அடித்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்.

சேலத்துக்காரர்களுக்கு இது அயலூர்க் கதை அல்ல. அடிவாரத்தில் தொடங்கி இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அந்தச் சேர்வராயன் மலையில் பெய்யும் மழை சரபங்கா நதியாகவும் திருமணிமுத்தாறாகவும் இறங்கிக் காவிரிக்குத்தான் போகிறது. அடிவாரத்திலிருந்து மேட்டூர் அணை பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள். அணைக்கு மேலே ஒகேனக்கல், அதற்கும் மேலே மேகதாது, கர்நாடகத்தின் கலிபோரே, பீமேஸ்வரி. திமில் மஹ்சீரின் பெருமையெல்லாம் அந்தப் பாறைச் சுழல்களில்தான் எழுதப்பட்டது.

அந்தப் பெருமையை முதலில் புத்தகமாக்கியவர் சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சலிவன் தாமஸ். இந்தியத் தூண்டில்கலை பற்றிய அவருடைய நூல் 1873-இல் வந்தது. மீன் பிடிக்கும் பித்து தலைக்கேறிய மனிதர். அந்தப் பித்துதான் ஆற்றில் நஞ்சு கலப்பதையும், கண் நெருங்கிய வலையால் குஞ்சுகளை வாரி எடுப்பதையும் எதிர்த்து அரசுக்கு எழுத வைத்தது. வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கிய இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் வந்தது. ஆசையிலிருந்து அக்கறை பிறக்கும் என்பதற்குத் தாமஸ் ஒரு சான்று. ஆசையில் பிறந்த அக்கறை எதுவரை போகும் என்பதுதான் பின்னால் வரும் சிக்கல்.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த மீனை உலகம் மறந்தே போனது. 1970-களின் பிற்பகுதியில் மூன்று ஆங்கிலேய இளைஞர்கள் வண்டியில் இந்தியா வந்து தேடிப் பிடித்த பிறகுதான் காவிரி மறுபடி வரைபடத்தில் ஏறியது. அதற்குள் பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்கு சங்கம் 1972-இல் தொடங்கிவிட்டது. அந்தச் சங்கம் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தது. பிறகு முகாம்கள் வந்தன, வெளிநாட்டுப் பணம் வந்தது. விதி ஒன்றே: பிடித்த மீனைக் கட்டாயம் விட வேண்டும். கரையோர ஊர்களில் வலையும் தோட்டாவும் வைத்து மீன் பிடித்தவர்களுக்கே வழிகாட்டி வேலையும் காவல் வேலையும் கொடுத்தார்கள். எந்தப் பாறைக்கு அடியில் மீன் ஒதுங்கும், எந்த இரவில் திருட்டு வலை வரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

தோட்டா வைத்துப் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காவலின் அருமை புரியும். மடுவில் ஒன்று வெடித்தால் விலைக்குப் போகும் மீன் மட்டும் சாவதில்லை. காற்றுப்பை கிழிந்து குஞ்சுகள் சாகும், நண்டுகளும் பெயர் தெரியாத சின்ன உயிர்களும் கூடவே போகும். செத்ததில் பெரும்பகுதி அடியில் தங்கி அழுகும். மிதந்து வருவதைத்தான் பரிசலில் அள்ளுவார்கள். இதற்கு 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூல வடிவம் விதித்த உச்சத் தண்டனை இரண்டு மாதச் சிறை அல்லது இருநூறு ரூபாய் அபராதம். அந்தக் காலத்தில் இருநூறு ரூபாய் பெரிய தொகை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

தூண்டில்காரரின் பக்கம் நின்று அவர் செய்வதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ராகி மாவைக் களியாக வேகவைத்து எலுமிச்சை அளவுக்கு உருட்டிக் கொக்கியை மறைக்கிறார். ஈயத்தைச் சுற்றி, நீர் இழுக்கும் இடமாகப் பார்த்து எறிந்துவிட்டுப் பாறையில் உட்கார்கிறார். மீன் கவ்வினால் நரம்பு கையை அறுக்கிற வேகத்தில் ஓடும். பெரிய மீன் என்றால் பரிசலில் ஏறிப் பின்தொடர வேண்டும், அரை மணி நேரமும் ஆகும். அத்தனை நேரமும் மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் ஏறுகிறது. கரைக்கு வரும்போது அது ஓய்ந்து பக்கவாட்டில் சாய்ந்துவிடும். இங்கேதான் தேர்ந்தவருக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் தெரியும். தேர்ந்தவர் முள் இல்லாத கொக்கி போட்டிருப்பார், கையை நனைத்துக்கொண்டே தொடுவார், மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்க மாட்டார். தலையை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பி, வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துக் காத்திருப்பார். செவுள்மூடி ஒழுங்காகத் திறந்து மூடத் தொடங்கும், வால் ஒரு முறை உதறும். அப்போதுதான் கையை எடுப்பார். மற்றவர் மடியில் கிடத்திச் சூடான பாறையில் உட்கார்ந்து பத்துப் படம் எடுப்பார். வெளிச்சம் வரட்டும் என்று வாயில் கயிறு கோத்து இரவெல்லாம் கரையில் கட்டி வைத்த வழக்கமும் காவிரியில் இருந்தது. அதுவும் ஏட்டில் ‘விடப்பட்டது’ என்றுதான் பதிவாகும்.

காவிரிக்கு வெளியிலிருந்து வந்த இன்னொரு மஹ்சீரான நீலத்துடுப்பை வைத்து அங்கே நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. கவனமாகக் கையாண்டால் மீன் தாங்குகிறது. இழுத்து விளையாடும் நேரம் நீள நீளத் தளர்ச்சி கூடுகிறது என்பது அதன் சாரம். ஆக, விட்ட மீன் பிழைக்குமா என்ற கேள்விக்கு ஓரளவு தெம்பான விடை இருக்கிறது. ஆனால் அறக்கேள்வி அது அல்ல.

மீனுக்கு வலிக்கிறதா? 2003-இல் லின் ஸ்னெடனும் அவருடைய குழுவினரும் டிரவுட் மீனின் உதட்டில் ஊறுணரும் நரம்புமுனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்திய மீன்கள் உணவை மறுத்தன, உதட்டைத் தொட்டியின் அடியில் தேய்த்தன. மனித மூளையின் மேற்புறணி மீனுக்கு இல்லை, ஆகவே நாம் அறிகிற வலி அதற்கு இல்லை என்று மறுப்பவர்களும் உண்டு. இந்த வழக்கு முடியவில்லை. முடியாத வழக்கில் சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது? கொக்கி யார் வாயில் இருக்கிறதோ அவருக்குக் கொடுப்பதுதான் முறை. சூதில் வரும் வெற்றி மீன் விழுங்கிய தூண்டில் பொன்னுக்குச் சமம் என்ற வள்ளுவர், தூண்டிலை மீனின் பக்கம் நின்று பார்த்திருக்கிறார். தூண்டில்காரர் அந்தக் குறளில் இல்லவே இல்லை.

ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் இதில் நமக்கு விசித்திரமாகப் படுகிற நிலையை எடுத்திருக்கின்றன. தின்பதற்காக மீனைப் பிடித்துக் கொல்லலாம், அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. விடும் எண்ணத்தோடு பிடிப்பதுதான் தவறு, ஏனென்றால் அந்த வலிக்குப் பின்னால் விளையாட்டைத் தவிர ஒன்றும் இல்லை. சுவிஸ் விதி 2008-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு ஆணையில் வந்தது. அமெரிக்காவின் வடக்கு ஏரிகளில் நேரெதிர். மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனைக் காக்க 1966-இல் மினசோட்டாவில் தூண்டில்காரர்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள். விடுவதை வழக்கமாக்கினார்கள், அளவு வரம்புகளுக்காக அரசிடம் வாதாடினார்கள். இன்று அங்கே மஸ்கியைக் கொன்று எடுத்துப் போகிறவரைச் சக தூண்டில்காரர்களே முகம் சுளித்துப் பார்க்கிறார்கள். ஒரு நாட்டில் விட்டால் குற்றம், இன்னொரு நாட்டில் கொன்றால் கேவலம். சுவிஸ்காரர் ஒரு மீனைப் பார்க்கிறார், மினசோட்டாக்காரர் ஓர் ஏரியைப் பார்க்கிறார். இரண்டு பார்வையிலும் நியாயம் இருப்பதால்தான் தீர்ப்பு கடினம்.

மகிழ்ச்சி கலந்துவிட்டதாலேயே ஒரு செயல் கெட்டுவிடாது. காட்டில் சுற்றுவதில் சுகம் காணும் வனக்காவலரின் வேலை அதனால் மதிப்புக் குறைவதில்லை. தூண்டில்காரரிடம் வேறொன்றைக் கேட்க வேண்டும்: மீனுக்கு இதனால் நன்மை இல்லை என்று நாளை தெரிந்தால் கோலை மடித்து வைப்பீர்களா? ஆம் என்றால் அவர் சொன்ன காரணம் உண்மை. இல்லை என்றால் பாதுகாப்பு என்பது பொழுதுபோக்குக்குப் போர்த்திய சால்வை.

காவிரியில் அந்த நாளை வந்தே விட்டது. மகாராஷ்டிரத்தில் அணைகளால் மீன் குறைந்ததைக் கண்ட டாட்டா மின் நிறுவனம், லோனாவாலா பண்ணையில் 1970-களிலிருந்து நீலத்துடுப்பு மஹ்சீரைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்தது. நல்ல முயற்சி, அந்த மீனின் சொந்த ஆறுகளுக்கு அது தேவையாகவும் இருந்தது. ஆனால் குஞ்சுகள் காவிரிக்கும் வந்தன. மஹ்சீர் என்றால் மஹ்சீர்தான் என்று எல்லோரும் நம்பிய காலம். ஆற்றை நேசித்தவர்கள், சொந்தப் பணமும் நேரமும் செலவிட்டவர்கள், ஆற்றுக்கு நன்மை செய்வதாக எண்ணியே அவற்றை விட்டார்கள்.

கலிபோரே முகாமின் பதிவேடு மட்டும் வேறு கதையை எழுதிக்கொண்டிருந்தது. 1998 முதல் 2012 வரை, 23,000 மணி நேரத்துக்கு மேல் போட்ட தூண்டில், பிடித்து விட்ட 6,000-க்கும் மேற்பட்ட மீன்கள். ஏட்ரியன் பிண்டரும் கேரளத்தின் ராஜீவ் ராகவனும் சக ஆய்வாளர்களும் அதைக் கூட்டிக் கழித்து 2015-இல் வெளியிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வெற்றிக் கதை: ஆண்டுக்கு ஆண்டு மீன்களின் எண்ணிக்கை ஏறுகிறது. சராசரி எடையோ இறங்குகிறது. இனம் பிரித்துப் பார்த்தபோது உண்மை வெளிவந்தது. ஏறியதெல்லாம் நீலத்துடுப்பு. திமில் மஹ்சீர் அரிதாகிக்கொண்டே வந்தது, அதில் இளம் மீன்களைக் காணவே முடியவில்லை. முதியவை மட்டும் மிஞ்சிய ஊரின் நிலை. காவல் காத்த பகுதிக்குள்ளேயே, தோட்டா வெடிக்காத இடத்திலேயே, காக்கப்பட வேண்டிய மீன் கைநழுவியது. குடிவந்த மீன் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அணைகள் உண்டு, மணல் அள்ளல் உண்டு, முட்டையிட மேலே ஏறும் பருவத்தில் குறையும் நீரோட்டம் உண்டு. ஆனால் கொக்கியிலிருந்து அத்தனை அன்பாக விடுவித்த மீன்களில் பெரும்பாலானவை, இந்த ஆற்றில் இருக்கவே கூடாதவை.

இதைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிண்டர் தூண்டில்காரர். ஆதாரமாக நின்றதும் தூண்டில்காரர்கள் ஒவ்வொரு மாலையும் எழுதி வைத்த எடையும் தேதியும்தான். அந்த ஏடு இல்லையென்றால், அரிய மீன் ஒன்று மறைந்துகொண்டிருக்கிறது என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. மீனை விடும் அந்த நொடிக்குப் பெரிய அறமதிப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. அது நம் மனத்தை ஆற்றிக்கொள்ளும் காட்சி, அவ்வளவே. மதிப்பு உள்ளது, விட்ட பிறகும் தொடரும் பொறுப்பில்: இரவுக் காவலில், பதிவேட்டில், ஏடு தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்போது அதை மறைக்காமல் அச்சிடுவதில்.

சட்டத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள் பிடித்தலும் அடங்கும். காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் தூண்டில் முகாம்கள் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கொள்கையளவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சரணாலயம் என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே பணம் வாங்கிக்கொண்டு தூண்டில் போட விடுவது முரண்தான். ஆனால் தூண்டிலோடு காவலும் போனது. முகாமில் சம்பளம் வாங்கியவர்களுக்கு மாற்று வேலை கிடைக்கவில்லை. மூடிய பிறகு தோட்டாவும் வலையும் திரும்பிவிட்டதாகப் பழைய வழிகாட்டிகளும் ஆய்வாளர்களும் சொல்லி வருகிறார்கள். தடை போட்டவர், தடைக்கு முன் அந்த வேலையை யார் செய்தார் என்று பார்த்து, அதை யாரிடம் ஒப்படைப்பது என்றும் சொல்லியிருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் காவிரி வடக்கு சரணாலயம் 2014-லும் காவிரி தெற்கு சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டன. காவலை யாரிடம் ஒப்படைப்பது என்ற அந்தக் கணக்கு இங்கேயும் நிலுவையில்தான் இருக்கிறது.

இதில் இன்னொரு நெருடல் உண்டு. விமானம் ஏறி வந்தவர் கொக்கி போட்டால் பாதுகாப்பு, கரையோரக்காரர் வலை வீசினால் திருட்டு. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் உரிமம் வாங்கிப் பரிசலில் போகிறவர் கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும் பிடித்துப் பிழைக்கிறார். அவர் பிடிக்கும் இந்த மீன்களும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை. அவற்றை விட்டது அவர் அல்ல, அரசு. 1934-இல் எழுந்த அணையைத் தாண்டி ஆற்றுமீன் மேலே ஏற முடியாமல் போனதற்கும் அவர் பொறுப்பல்ல. அவரிடம் போய் மீன்வதை பற்றிப் பாடம் நடத்துவதற்கு முன், திருமணிமுத்தாற்றில் சாயக்கழிவும் ஜவ்வரிசி ஆலைக் கழிவும் சாக்கடையும் கலக்க விட்டவர்கள் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கழிவில் செத்த மீனுக்கு முதல் தகவல் அறிக்கை எழுதப்படுவதில்லை. தூண்டில்காரர் குறைந்தபட்சம் தான் தொட்ட மீனின் எடையையாவது எழுதி வைத்தார்.

மீனைத் தொடவே தொடாமல் காக்கும் மரபும் நம் பக்கத்தில் இருக்கிறது. சிருங்கேரியில் துங்கைக் கரைப் படித்துறையிலும், ராமநாதபுராவில் காவிரித் துறையிலும் மஹ்சீர்கள் கோயில் மீன்களாக வாழ்கின்றன. பொரி போடுவார்கள், யாரும் கொக்கி போட மாட்டார்கள். வலி இல்லை, கொலை இல்லை, செலவும் அதிகமில்லை. ஆனால் அந்தக் காவல் படித்துறையோடு முடிகிறது. முட்டையிட மீன் ஏறிப்போகும் மேட்டுநீருக்குப் புனிதம் நீள்வதில்லை. பக்தி ஒரு மடுவைக் காக்கும், ஓர் ஆற்றைக் காக்க அதற்குத் தெரியவில்லை.

அப்படியானால் இன்று என்ன செய்வது? பொத்தாம்பொதுவாக ‘விடு’ என்பதும் ‘தடு’ என்பதும் இரண்டுமே சோம்பலான விடைகள். மோயாற்றில், முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடைப்பட்ட பள்ளத்தில், திமில் மஹ்சீர் இன்னும் வாழ்கிறது. அங்கே விளையாட்டுக்காக ஒரு கொக்கிகூட விழக் கூடாது. எஞ்சியிருக்கும் ஒவ்வொரு தாய்மீனும் முட்டையிட மேலே ஏற வேண்டியிருக்கும்போது, கவனமாக விட்டேன் என்ற சமாதானம் போதாது. ஆய்வுக்காகப் பிடிப்பது வேறு. அதற்குக் கேள்வி கேட்க ஒரு குழு உண்டு, விடையை அச்சில் காட்ட வேண்டிய கட்டாயமும் உண்டு. நீலத்துடுப்பு பெருகிய காவிரிப் பகுதிகளில் நிலைமை நேர்மாறு. அங்கே பிடித்ததை விடுவதுதான் கேள்விக்குரியது. அந்த மீன் குழம்புக்குப் போவதே ஆற்றுக்கு நல்லது, சுவிஸ்காரரும் அதை ஒப்புக்கொள்வார். விடுவதையே அறமாகப் பழகிய தூண்டில்காரருக்கு இது கசக்கும். அவர் சொன்ன காரணம் உண்மைதானா என்பது இந்த இடத்தில்தான் தெரியும்.

2025-இல் தமிழ்நாடு அரசு, அதிகம் பேசப்படாத நான்கு அரிய உயிர்களைக் காக்க 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. சிங்கவால் குரங்கு, சென்னை முள்ளெலி, வரிக் கழுதைப்புலி ஆகியவற்றோடு நான்காவதாகத் திமில் மஹ்சீரும் அதில் இருக்கிறது. பணத்தில் முதல் பங்கு எதற்குப் போக வேண்டும் என்பதில் பெரிய குழப்பம் இல்லை. மங்கிய வெளிச்சத்தில், மீன் ஒரு முறை புரளும்போது, துடுப்பின் நிறத்தையும் முதுகின் மேட்டையும் பார்த்து இது எந்த மஹ்சீர் என்று சொல்லக்கூடியவர்கள் ஒகேனக்கல்லிலும் மோயாற்றுக் கரை ஊர்களிலும் இருக்கிறார்கள். சிலர் மேல் பழைய வழக்குகளும் இருக்கலாம். அவர்களுக்கு மாதச் சம்பளமும், ஒரு பதிவேடும், ஆனி ஆடியில் ஆறு பெருகி மீன் ஏறும் வாரங்களில் கரையை யாருக்கும் திறக்காமல் வைக்கும் அதிகாரமும் கொடுத்துவிட்டுப் பிறகு தூண்டில் அனுமதி பற்றிப் பேசலாம்.